‘ஆனா, அங்க சரிவராது’

கூடைப்பந்து விளையாடுகிறவர்கள் ஒரு வகை. அதைப் பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று உண்டு. சேர்பியாவிலோ லித்துவேனியாவிலோ பிறந்து, கதவுநிலையில் தலை இடிக்கிற உயரத்துக்கு வளர்ந்த ஒரு பெடியன் அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் சரிவருவானா மாட்டானா என்று தீர்ப்புச் சொல்வதற்காகவே இவர்கள் பிறந்திருக்கிறார்கள். இவர்களுக்குப் பந்து தேவையில்லை. ஒரு கதிரையும் பால் விடாத ஒரு பிளேன்ரீயும் போதும். கேட்பதற்கு ஆள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பாதகமில்லை, தொலைக்காட்சிக்குச் சொல்லிவிடுவார்கள்.

கனடாவின் மொன்றியலில் தமிழ்ச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குள் எப்போதாவது போயிருந்தால் இவரை நீங்கள் கண்டிருப்பீர்கள். வாசலுக்குப் பக்கத்தில் உட்காரமாட்டார், அங்கே குளிர் வரும். கல்லாவுக்குப் பக்கத்திலும் உட்காரமாட்டார், அங்கே ஏதாவது வாங்கவேண்டிவரும். பின்மேசையில், தொலைக்காட்சிக்கு நேர் எதிரே, இன்னும் கழற்றாத குளிர்ச்சட்டையோடு, இதோ எழும்பப் போகிறவர்போல மாலை முழுவதும் உட்கார்ந்திருப்பார்.

எங்கள் பக்கத்தில் இந்த இனத்தின் முதல்தர மாதிரி கிருபானந்தன் அண்ணை. டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிற வேலை. காலை ஷிப்ட் முடிந்ததும் எங்கள் கடை இருக்கிற கோட்-டெ-நெய்ஜுக்கு வந்து பின்மேசையைப் பொறுப்பேற்பார். என் அப்பா அவரை அண்ணை என்பார். நானும் அண்ணை என்பேன். எனக்கும் அப்பாவுக்கும் ஒருவர் எப்படி அண்ணையாக முடியும் என்று கேட்காதீர்கள். அது உறவில்லை, பதவி.

அவர் தீர்ப்புச் சொல்லும் முறையை ஒருதரம் கேட்டால் மறக்கமாட்டீர்கள்.

‘பெடியன் நல்ல விளையாட்டுக்காரன். நான் இல்லையெண்டு சொல்லேல்லை,’ என்று தொடங்குவார். அவர் இல்லையென்று சொன்னதாக அதுவரை யாரும் குற்றம் சாட்டியிருக்கமாட்டார்கள். பிறகு பிளேன்ரீயில் ஒரு வாய். கண்ணாடிக்கு வெளியே போகிற பஸ்ஸை ஒருமுறை பார்ப்பார். அதன்பிறகு ‘ஆனா’ வரும். அந்த ‘ஆனா’வைக் கொண்டுவந்து இறக்குவதற்குத்தான் முதல் வசனமே வந்தது.

‘ஆனா, அங்க சரிவராது.’

ஏன் சரிவராது? உடம்பு காணாது. உடம்பு கண்டால், கால் பாரம். கால் பாரமில்லையென்றால், வேகம் இருக்கிறது ஆனால் நிதானமில்லை. நிதானமும் இருந்துவிட்டால் அண்ணைக்குக் கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் சமாளிப்பார். ஐரோப்பாவில் மூன்று புள்ளிக் கோடு கூடைக்குக் கிட்ட, அமெரிக்காவில் தூர. ஐரோப்பாவில் ஆட்டம் நாற்பது நிமிடம், அமெரிக்காவில் நாற்பத்தெட்டு. ‘அந்தக் கடைசி எட்டு நிமிசத்திலதான் ராசா, ஆள் ஆரெண்டு தெரியும்,’ என்பார். முதல் நாற்பது நிமிடமும் மைதானத்தில் நின்றது யார் என்று இதுவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

இப்படிப்பட்ட ஒருவர் பலதடவை பிழைவிட்டிருப்பார் என்று நினைப்பீர்கள். ஒருதடவைகூட இல்லை. அதுதான் அவருடைய சிறப்பு. அவர் சரிவராது என்று சொன்ன பெடியன் ஒரு வருடத்தில் ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போனால், ‘நான் அப்பவே சொன்னனான்.’ அதே பெடியன் போய் நின்று விளாசினால், ‘நான் என்ன சொன்னனான்? உடம்பு வைக்காட்டில் சரிவராது எண்டெல்லே சொன்னனான். அவன் உடம்பு வச்சிட்டான்.’ சில வருடங்களாக அந்தப் போட்டிகளின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்களுக்கே போய்க்கொண்டிருக்கிறது. இதைக் கடையில் ஒருவர் எடுத்துச் சொன்னார். அண்ணை அமைதியாக, ‘அது விதிவிலக்கு,’ என்றார். அடுத்த வருடமும் விதிவிலக்கு. அதற்கு அடுத்த வருடமும் அப்படித்தான். ஒன்டாரியோவில் வளர்ந்த பெடியன் ஒருவனுக்கு விருது கிடைத்தபோது, ‘கனடா வெளிநாடோ? அது பக்கத்து வீடு,’ என்றார். அதற்கு முந்தின மாதம் வேறொரு கனடாப் பெடியனை அணி ஒன்று வெளியே விட்டபோது, ‘வெளியில இருந்து போற பெடியளுக்கு அங்க சரிவராது,’ என்று சொன்னவரும் இவர்தான்.

இதெல்லாம் ஒருவருக்கும் தீங்கில்லாத பொழுதுபோக்குத்தானே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். சிவாஜினி அக்காவின் கலியாணம் இந்த ஒரு வசனத்தில் வந்து தொங்கும்வரைக்கும்.

சிவாஜினி அக்கா என் மாமி பாலாம்பிகையின் ஒரே மகள். ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறார். போன குளிர்காலத்தில் ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவே, தான் ஒருவரை விரும்புவதாகத் தாயிடம் சொன்னார். பெயர் சுப்புராஜ். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்தவர், படிப்பு முடியப் போகிறது, ஒரு கணினி நிறுவனத்தில் பகுதிநேர வேலை. தாய் ஓம் என்றால்தான் கட்டுவேன் என்றும் சொன்னார். இல்லையென்றால் வேறு ஒருவரையும் கட்டமாட்டேன் என்று அதே மூச்சில் சொன்னார்.

மாமி கெட்டவர் இல்லை. மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. ‘விசாரிக்கவேணும்,’ என்றுதான் சொன்னார்.

எங்கள் ஆட்களிடம் இது ஒரு வழக்கம். கலியாணப் பேச்சு வந்தால் மாப்பிள்ளையின் ஊரில் யாராவது இருக்கிறார்களா என்று தேடிப் பிடித்து, பெடியன் எப்படி, தகப்பன் எப்படி, தாய்வழி எப்படி, குடி உண்டா, கடன் உண்டா, பள்ளிக்கூடத்தில் யாருக்காவது கல்லெறிந்தானா என்பதுவரை விசாரித்து முடித்த பிறகுதான் வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுப்பார்கள். யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் என்றால் ஒரு போன். அளவெட்டி என்றால் இரண்டு போன். ஆனால் சுப்புராஜின் ஊர் பெரியகுளம். மாமிக்குத் தெரிந்த எவருக்கும் பெரியகுளத்தில் யாரையும் தெரியாது. போன் எடுப்பதற்கு ஆளில்லை.

யோசித்து யோசித்து மாமி ஒரு முடிவுக்கு வந்தார். அதை அம்மாவிடம் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன்.

‘கிருபானந்தன் அண்ணையைக் கேப்பம். லித்துவேனியா எண்டொரு நாடு இருக்கிறதே எனக்குத் தெரியாது. அங்க இருக்கிற பெடியளைக்கூட அந்த மனிசன் நல்லவன், கூடாதவன் எண்டு பிரிச்சுச் சொல்லுது. பெரியகுளத்துப் பெடியனைச் சொல்லாதோ?’

‘அவர் பந்து விளையாட்டுக்கெல்லோ சொல்லுறவர்?’ என்றார் அம்மா.

‘வெளியில இருந்து வாற பெடியன் இஞ்ச சரிவருவானோ எண்டதுதானே கேள்வி? ரெண்டும் ஒண்டுதான். அதோட அவர் ஒருநாளும் பிழைவிட்டதில்லையாம்.’

அம்மா தேத்தண்ணி போட எழும்பிப் போனார். உங்களிடம் இதற்குப் பதில் இருக்கிறதா?

அண்ணை பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நாங்கள் அதற்குமுன் கண்டதில்லை. எத்தனையோ வருடமாகத் தீர்ப்புச் சொல்கிறார், முதன்முறையாக ஒருவர் வந்து கேட்டிருக்கிறார்.

அடுத்த கிழமை சிவாஜினி அக்கா சுப்புராஜைக் கடைக்குக் கூட்டிவந்தார். வரும் வழியிலேயே பாடம் நடத்தியிருந்தார். வாய் திறக்கக் கூடாது, அங்கிள் என்ன சொன்னாலும் ஆமா என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். சுப்புராஜ் அண்ணா நெடுவல், மெலிவு, இஸ்திரி போட்ட சட்டை. கோவிலுக்குள் வருகிறவர்போலச் சப்பாத்தைக் கழற்றப் போனார். அக்கா தடுத்துவிட்டார்.

‘தம்பிக்கு எந்த ஊர்?’

‘பெரியகுளம் சார். தேனி பக்கம்.’

‘அங்க என்ன விசேசம்?’

‘மாம்பழம் சார். அப்புறம் பாஸ்கெட் பால். மே மாசம் ஆனா வெளியூர் டீம் எல்லாம் எங்க ஊருக்கு வந்து ஆடும் சார். நானும் காலேஜ் டீம்ல ஆடினேன்.’

‘பாஸ்கெட் பாலோ? அங்கயோ?’ என்றார் அண்ணை. கணக்கில் வராத ஒரு நாடு திடீரென்று வரைபடத்தில் முளைத்ததுபோல இருந்தது அவர் முகம். ‘ம்.’

நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் தொலைக்காட்சியில் பழைய ஐரோப்பிய ஆட்டம் ஒன்று ஓடியது. அதில் பத்தொன்பது வயது லித்துவேனியப் பெடியன் ஒருவன். யூன் மாதம் என்.பி.ஏ. அணிகள் தங்களுக்கு வேண்டிய இளம் ஆட்டக்காரர்களை ஒருவர் பின் ஒருவராகத் தெரிவுசெய்யும்போது இவனும் எடுபடக்கூடும் என்று பேச்சு.

‘நல்ல பெடியன். நான் இல்லையெண்டு சொல்லேல்லை,’ என்றார் அண்ணை.

‘ஆமா சார்.’

‘ஆனா, அங்க சரிவராது.’

‘ஆமா சார்.’

‘கால் பாரம்.’

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ‘ஆமா சார்.’

‘பந்தைப் பாஸ் பண்ணவும் தெரியாது.’

சுப்புராஜ் அண்ணா கதிரையில் நிமிர்ந்தார். திரையில் அந்தப் பெடியன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியே பந்தைத் தலைக்கு மேலாக எறிய, அது நேரே கூடைக்குக் கீழே ஓடிவந்தவனின் கையில் போய் விழுந்தது. மேசைக்குக் கீழே அக்கா அவருடைய காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது. பிரயோசனமில்லை.

‘சார், தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப கொடுத்தானே, அது பாஸ் தானே சார்?’

கொத்துரொட்டி கொத்திக்கொண்டிருந்த கடைப் பெடியன் மதுஷனின் தகடுகள் இரண்டும் அந்தரத்தில் நின்றன.

‘அந்தப் பாஸ் அங்க போகாது தம்பி.’

‘ஏன் சார்? அங்கயும் பந்து ரவுண்டாதானே இருக்கும்?’

‘அங்கிள், இவருக்குக் கிளாஸ் இருக்கு. நாங்கள் வாறம்,’ என்று எழும்பினார் அக்கா. ஞாயிற்றுக்கிழமை என்ன கிளாஸ் என்று அண்ணை கேட்கவில்லை. அவர் வேறு யோசனையில் இருந்தார்.

‘சனிக்கிழமை பியர்பொன்ட்ஸுக்கு வாரும். எங்கட ஆக்கள் ஜிம் எடுத்து விளையாடுறவை. கதையில ஒருத்தரையும் மதிக்கேலாது. களத்தில பாக்கவேணும்.’

கோட்-டெ-நெய்ஜிலிருந்து நகரத்தின் மேற்கு ஓரத்திலுள்ள பியர்பொன்ட்ஸுக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும், அந்தப் பயணத்தில் ஒரு மனிதர் தன் வாழ்க்கை முழுவதையும் திரும்ப யோசித்து முடித்துவிடலாம். சுப்புராஜ் அண்ணாவும் யோசித்திருக்கிறார். கடையில் எதிர்த்துப் பேசியது பிழை. பெரியவரின் மனம் நோகும்படி இனி ஒன்றும் செய்யக் கூடாது. இந்தத் தீர்மானத்தோடுதான் ஜிம்முக்குள் வந்தார்.

அன்றைக்கு அண்ணை தானே களத்தில் இறங்கினார். வேலைச் சப்பாத்தோடு அந்த மரத் தரையில் ஏறவிடமாட்டார்கள். அதனால் காலுறையோடு இறங்கினார். ‘தம்பி, நீர் என்னைத் தடும்,’ என்றார்.

சுப்புராஜ் அண்ணா எப்படித் தடுத்தார்? அண்ணை பந்தோடு வந்ததும் ஓரமாக விலகி நின்று, சாமி வலம் வரும்போது வழிவிடுகிறவர்போல ஒரு கையை நீட்டினார். அண்ணை எறிந்தார். பந்து கூடையில் படவில்லை, பலகையிலும் படவில்லை. சுப்புராஜ் அண்ணா ஓடிப்போய்ப் பந்தை எடுத்து, இரண்டு கையாலும் அதைத் திருப்பிக் கொடுத்தார். அண்ணை மறுபடியும் எறிந்தார். மறுபடியும் ஓடி எடுத்து, மறுபடியும் இரண்டு கையால் கொடுத்தார். இப்படியே போய், கடைசியில் ஒன்று எப்படியோ உள்ளே விழுந்தது.

‘சூப்பர் சார்!’ என்று கைதட்டினார் சுப்புராஜ் அண்ணா.

சுவரோரமாக உட்கார்ந்திருந்த சிவாஜினி அக்கா நெற்றியில் கைவைத்தார்.

தீர்ப்பு நாளன்று மாமி கடைக்கே வந்துவிட்டார். பின்மேசையில் அண்ணைக்கு எதிரே, கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தார்.

‘பெடியன் நல்லவன். நான் இல்லையெண்டு சொல்லேல்லை,’ என்றார் அண்ணை.

மாமியின் முகம் மலர்ந்தது. அவர் கூடைப்பந்து பார்க்கிறவர் இல்லை, பாவம். இந்த வசனத்துக்குப் பிறகு என்ன வரும் என்று கடையிலிருந்த எல்லோருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. அண்ணை ஒரு வாய் குடித்தார். பஸ் ஒன்று போனது.

‘ஆனா, இஞ்ச சரிவராது.’

எத்தனையோ வருடமாக ‘அங்க’ என்று இருந்த சொல் அன்றைக்கு முதன்முறையாக ‘இஞ்ச’ என்று மாறியது. வசனத்தின் மிச்சம் அப்படியே இருந்தது.

‘ஏனண்ணை?’

‘தடுக்கத் தெரியாது. நான், இந்த வயசில, காலுறையோட, அவனுக்கு மேலால போட்டனான். நாளைக்கு ஒரு கஷ்டம் வந்து முன்னால நிண்டால் அதுக்கும் விலகி வழிவிட்டிட்டு நிப்பான். அடுத்தது பிரெஞ்சு. இருக்கு, ஆனா இடக்கை மாதிரி. அவசரத்துக்குப் பாவிக்கேலாது. குளிரும் ரெண்டு விண்டர்தான் பாத்தவன். முதல் நாப்பது நிமிசம் சமாளிப்பான் தங்கச்சி. கடைசி எட்டு?’

மாமிக்கு எட்டு நிமிடக் கணக்கு விளங்கவில்லை. ஆனால் விளங்காதது பெரிய விசயமாகத்தான் இருக்கும் என்று பயந்துவிட்டார்.

‘அப்ப வேண்டாம் எண்டுறியளோ?’

‘நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. சரிவராது எண்டுதான் சொன்னனான்.’

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அண்ணைக்கு அது பெரிய வித்தியாசம். வேண்டாம் என்று சொன்னால் பொறுப்பேற்கவேண்டும். சரிவராது என்று சொன்னால் போதும், பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மாமி வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னார். சிவாஜினி அக்கா சண்டை பிடிக்கவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று மாமி பிறகு சொன்னார். அக்கா ஓவர்டைம் எடுக்கத் தொடங்கினார். வீட்டில் இருக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் இரண்டு தனிச் சமையல் நடந்தது. சுப்புராஜ் அண்ணா ஜிம் பக்கம் வரவேயில்லை. இவ்வளவும் எதற்காக? ஒரு பெடியன் பந்தைத் தடுக்காமல், எடுத்துத் திருப்பிக் கொடுத்ததற்காக. மறித்து அடித்திருந்தால் மட்டும்? ‘மரியாதை தெரியாது, சரிவராது,’ என்று வந்திருக்கும். நீங்களே சொல்லுங்கள், அவர் என்ன செய்திருக்கவேண்டும்?

யூன் வந்தது. அணிகள் ஆட்களைத் தெரிவுசெய்யும் அந்த மாலை, இந்த இனத்துக்குத் திருவிழா. கடையில் இடமில்லை. வெளிநாட்டுப் பெடியன் ஒருவனின் பெயர் அறிவிக்கப்படும்போதெல்லாம் எல்லோரும் பின்மேசையைத் திரும்பிப் பார்க்க, அண்ணை கண்ணை மூடித் தலையை இலேசாக இடமும் வலமும் ஆட்டுவார். அதற்குப் பிறகு அந்தப் பெடியன் தன்னை எடுத்த அணியின் தொப்பியைப் போட்டுத் தாயைக் கட்டிப்பிடித்து என்ன பயன்?

அன்றைக்கு ஒருநாளும் நடக்காத ஒன்று நடந்தது. அண்ணையின் மனைவி தவமலர் அக்கா கடைக்கு வந்தார். அவர் கடைக்கு வருகிறவர் இல்லை. கூடவே பாலாம்பிகை மாமி, மாமிக்குப் பின்னால் ஆஸ்பத்திரி உடுப்போடு சிவாஜினி அக்கா. மாமியின் வீட்டில் இரண்டு சமையல் நடக்கும் கதை தவமலர் அக்காவின் காதுக்கு எட்டியிருந்தது. இருவரையும் அவர்தான் கையோடு கூட்டிவந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் திரையில் லித்துவேனியப் பெடியனின் பெயர் வந்தது. எடுத்துவிட்டார்கள். கடைசியிலும் இல்லை, நடுவிலும் இல்லை, தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே. கடை முழுவதும் பின்மேசையைப் பார்த்தது.

‘எடுக்கிறது வேற. அங்க போய் விளையாடுறது வேற,’ என்றார் அண்ணை.

‘இஞ்சேருங்கோ,’ என்றார் தவமலர் அக்கா. ‘உங்களை ஆர் எடுத்தது?’

‘என்னையோ?’

‘உங்களைத்தான். நாங்கள் கொழும்பில லொட்ஜில நிக்கேக்க கலியாணப் பேச்சுக்கு உங்கட போட்டோ வந்தது. என்ர மாமா அப்ப இந்த கோட்-டெ-நெய்ஜிலதான் இருந்தவர். அப்பா அவரைத்தான் விசாரிக்கச் சொன்னவர். மாமா போன் எடுத்து என்ன சொன்னவர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?’

‘உன்ர மாமா என்ர நல்ல கூட்டாளியெல்லே. நல்லதாத்தான் சொல்லியிருப்பார்.’

‘ஓம். நல்ல பெடியன் எண்டு சொன்னவர்.’ தவமலர் அக்கா நிறுத்தினார். அவர் கூடைப்பந்து பார்க்கிறவர் இல்லை, ஆனால் எங்கே நிறுத்தவேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ‘ஆனா சரிவராதாம். கோப்பை கழுவுறானாம். பிரெஞ்சில ஒரு சொல் தெரியாதாம். குளிருக்கு மூக்கால ரத்தம் வருதாம். வாய் மட்டும் ஓயாதாம்.’

மதுஷன் தகடுகளைக் கீழே வைத்தே விட்டான்.

‘பேந்து?’ என்றார் மாமி.

‘அப்பா வேண்டாம் எண்டிட்டார். நான்தான் பிடிவாதமா நிண்டனான். கதைக்கிற மனிசன் எண்டால் வீடு கலகலப்பா இருக்கும் எண்டு நினைச்சன்.’ தவமலர் அக்கா பின்மேசையையும் அதிலிருந்த பிளேன்ரீக் கோப்பையையும் பார்த்தார். ‘அது ஒண்டுதான் பிழைச்சது. கதை எல்லாத்தையும் இஞ்ச முடிச்சிட்டெல்லோ வீட்டை வாறார்.’

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று தெரியவில்லை. திரையில் இன்னொரு பெயர் அறிவித்தார்கள், அண்ணை தலையை ஆட்டவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ் போனது, அதன் பின்னால் இன்னொன்று போனது. அந்த மனிதர் குளிர்ச்சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டதை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கண்டேன்.

கடைசியில் சொன்னார்: ‘உன்ர மாமா சொன்னது சரி.’

‘என்ன சரி?’

‘அண்டைக்கு இருந்த நிலையில நான் சரிவந்திருக்க மாட்டன். அது சரியான மதிப்பீடு.’ ஒரு வாய் குடித்தார். ‘பேந்து உடம்பு வச்சனான் எல்லே.’

அவர் பகிடியாகச் சொல்லவில்லை. சேர்பியாவுக்கும் லித்துவேனியாவுக்கும் பாவித்த அதே அளவுகோலைத் தன்மேல் நேர்மையாக வைத்துப் பார்த்துத்தான் சொன்னார். இந்த இனத்தின் பெரிய குணம் அது. அளவுகோலை மாற்றமாட்டார்கள்.

அப்போதுதான் அதுவரை வாய் திறக்காத சிவாஜினி அக்கா கேட்டார்.

‘அப்ப அவரும் வைப்பார்தானே அங்கிள்?’

‘என்னம்மா?’

‘உடம்பு. நீங்கள் கோப்பை கழுவேக்க வந்ததைவிட அவர் கொஞ்சம் கூடவெல்லோ வச்சுக்கொண்டு வந்திருக்கிறார்.’

அண்ணை யோசித்தார். வெளியே போக வழி தேடுகிறார் என்று தெரிந்தது. கதவுகள் எல்லாவற்றையும் அவரே இத்தனை வருடமாகக் கட்டியிருந்தார். இப்போது அவற்றில் ஒன்றுதான் திறந்திருந்தது.

‘வச்சால்…’ என்று இழுத்தார்.

‘வச்சால்?’ என்றார் மாமி, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

‘வச்சால் சரிவரும்.’ கோப்பையைக் கீழே வைத்தார். ‘நான் அதைத்தானே முதலே சொன்னனான்!’

மாமி ஒரு பெரிய மூச்சு விட்டார். ஒருநாளும் பிழைவிடாத மனிதர் சரிவரும் என்று சொல்லிவிட்டார், இனி என்ன? ‘இந்தக் கதையை நேரகாலத்தோட சொல்லியிருக்கலாமே அண்ணை,’ என்று மட்டும் கேட்டார். சிவாஜினி அக்கா அதற்கிடையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அங்கே குளிர் வரும் என்று சொன்னேன். யூன் மாதம், வரவில்லை.

கலியாணம் இலையுதிர்காலத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பெரியகுளத்திலிருந்து சுப்புராஜ் அண்ணாவின் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். அண்ணை கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு மேசை மேசையாகப் போனார். ‘பெடியனை எடுத்தது நான்தான். தடுக்கத் தெரியாது, உண்மைதான். ஆனா மரியாதை தெரியும். தடுக்கிறதைப் பழக்கலாம், மரியாதையைப் பழக்கேலாது.’ தவமலர் அக்கா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக, ‘வாங்கோ, வீட்டை போய் மிச்சத்தைச் சொல்லுங்கோ,’ என்று கூட்டிக்கொண்டு போனார்.

கலியாணத்துக்குப் பிறகு வந்த முதல் சனிக்கிழமை சுப்புராஜ் அண்ணா ஜிம்முக்கு வந்தார். அண்ணை காலுறையோடு இறங்கிப் பந்தை எறிந்தார். சுப்புராஜ் அண்ணா எழும்பினார். பந்து அவருடைய உள்ளங்கையில் பட்டு, ஜிம்மின் மறுபக்கச் சுவரில் மோதி, உருண்டு உருண்டு உடுப்பு மாற்றும் அறைக்குள் போய்விட்டது. ‘சாரி அங்கிள்,’ என்றார். இந்தத் தரம் ஓடிப்போய் எடுத்துவரவில்லை. அண்ணையே நடந்துபோய் எடுத்தார். திரும்பி வரும்போது என்னைப் பார்த்து, ‘கெட்டிக்காரன். நான் இல்லையெண்டு சொல்லேல்லை,’ என்றார்.

நான் காத்திருந்தேன். வரவில்லை. ஆனால் அவருடைய உதடு அசைந்தது.

லித்துவேனியப் பெடியன் என்ன ஆனான் என்கிறீர்களா? இப்போதைக்கு மாற்று ஆட்டக்காரர்களோடு ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருக்கிறான். சிலவேளை கடைசி எட்டு நிமிடத்துக்கு மட்டும் இறக்குகிறார்கள். அண்ணை ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பக்கத்துக்கும் வசனம் தயாராக இருக்கிறது.

சரி, நீங்கள்? சிவாஜினி அக்காவின் கலியாணம் நல்லபடி நடந்தது என்று வாசித்தபோது உங்களுக்குச் சந்தோசமாகத்தான் இருந்திருக்கும். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால், அந்தச் சந்தோசத்துக்குப் பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று தலை தூக்கியதா இல்லையா? பிடிவாதமாகக் கட்டியிருக்கிறார்கள், முதல் வருடம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று? அப்படியென்றால் கோட்-டெ-நெய்ஜுக்கு வாருங்கள். வாசல் பக்கம் வேண்டாம், குளிர். நேரே பின்மேசைக்குப் போங்கள். குளிர்ச்சட்டையைக் கழற்றவேண்டியதில்லை. பிளேன்ரீக்குச் சீனி எவ்வளவு என்று மதுஷன் கேட்பான், ஒருதரம் சொன்னால் போதும். பிறகு அவன் கேட்கமாட்டான். அந்த மேசைக்கு வருகிறவர்கள் எல்லோரும் நாளைக்கும் வருகிறவர்கள்தான்.